குடுமியான்மலையில் ஒரு முற்பகல்

முதல் நாள் இரவு திருச்சியில் கச்சேரி, மறுநாள் மாலை காரைக்குடியில். நடுவில் ஒரு முற்பகல் கிடைத்தது. பாடகர் தூங்க வேண்டும் என்றார். தொண்டை அவருடையது, யார் என்ன சொல்ல முடியும்? நானும் மிருதங்கக்காரரும் மட்டும் ஒரு வண்டி பிடித்துக் குடுமியான்மலைக்குக் கிளம்பினோம். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். எத்தனையோ வருஷமாக இந்தப் பக்கம் பக்கவாத்தியம் வாசிக்க வந்துபோகிறேன். சங்கீதக் கல்வெட்டு இருக்கும் ஊரை ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வயலின் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டே இறங்கினேன். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டால் பசை இளகிவிடும். மிருதங்கக்காரர் வாத்தியத்தை அறையிலேயே வைத்துவிட்டு நிம்மதியாகக் கைவீசி நடந்தார்.

சுவாமி பெயர் சிகாநாதர், அம்பாள் அகிலாண்டேசுவரி. சுவாமிக்குச் சாத்த வேண்டிய பூவை அர்ச்சகர் தன் பிரியமானவளுக்குக் கொடுத்துவிட, அரசன் வந்துவிட்டான் என்றதும் அதையே வாங்கிப் பிரசாதமாகக் கொடுத்தாராம். பூவில் ஒரு தலைமயிர். "சுவாமிக்குக் குடுமி உண்டு" என்று அர்ச்சகர் சமாளிக்க, காப்பாற்றுவதற்காக ஈசனும் லிங்கத்தில் குடுமியோடு காட்சி தந்தார் என்பது தலபுராணம். பொய் சொன்னவனுக்காகக் குடுமி வளர்த்துக்கொண்ட சுவாமியை யாருக்குத்தான் பிடிக்காது? மிருதங்கக்காரர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டே, "எனக்கும் ஒரு வேண்டுதல் இருக்கு" என்றார்.

குருக்கள் பெட்டியைக் கவனித்துவிட்டார். "கல்வெட்டுப் பார்க்கத்தானே வந்தீங்க? பார்த்துட்டு வாங்க. நடை சாத்துறதுக்குள்ள அம்பாள்கிட்ட கொஞ்சம் வாசிங்க."

மண்டபத்துச் சிற்பங்களை, இரணியனைக் கிழிக்கும் நரசிம்மரையும் பத்துத் தலை ராவணனையும், அவசரமாகத்தான் பார்த்தேன். அவை இன்னொரு பயணத்துக்கு. கால்கள் மேலைக்கோயிலுக்கு இழுத்தன. குன்றைக் குடைந்த குகைக்கோயில் அது; உள்ளே இருக்கும் லிங்கமும் அதே பாறையில் வடித்ததுதான். பக்கத்துப் பாறைமுகத்தில் அந்தக் கல்வெட்டு.

சுவர் மாதிரி செதுக்கிச் சமன்செய்த பாறை முழுக்க ஸ்வரங்கள். எழுத்து கிரந்தம், அதாவது தமிழ்நாட்டில் சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட பழைய எழுத்து; காலம் ஏறக்குறைய 7ஆம் நூற்றாண்டு. "ஸித்தம் நமசிவாய" என்று தொடங்கி ஏழு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ராகம். நான்கு நான்கு ஸ்வரங்களாகக் கட்டம் கட்டினாற்போல் போகிறது. இரண்டாவது ஸ்வரமான ரிஷபம் என்றால் நமக்கு 'ரி' மட்டும்தான். இங்கே ர, ரி, ரு, ரெ என்று உயிரெழுத்து மாறி மாறி வருகிறது. சில எழுத்துகளின் மேல் புள்ளி. அதற்கு அறிஞர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு அது விரலை எப்படி வைக்க வேண்டும் என்று வாத்தியார் போட்டுக் கொடுத்த குறி மாதிரியே பட்டது. ஆராய்ச்சி இல்லை, வயலின்காரன் புத்தி.

ஏழு பெயர்களில் சாதாரிதம், பஞ்சமம், கைசிகம் மூன்றையும் படித்ததும் நின்றுவிட்டேன். தேவாரப் பண்களில் சாதாரி, பஞ்சமம், கௌசிகம் உண்டே. இசை அதேதானா என்று சத்தியம் செய்ய முடியாது. பெயர் தப்பிப் பிழைத்து ஓதுவார்கள் வாய்வரை வந்திருக்கிறது.

கடைசி வரிகளை முன்பே படித்திருந்தேன். ருத்ராசாரியரின் சீடனான, பரம மாகேசுவரனான, அதாவது பெரிய சிவபக்தனான ஓர் அரசன், மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்கிறது. குருவின் பெயர் இருக்கிறது, அரசன் பெயரைக் காணோம். மகேந்திரவர்ம பல்லவன் என்று வெகுகாலம் சொன்னார்கள், பலர் மறுக்கிறார்கள். நாற்பது பேர் உட்காரும் சபாவில்கூடத் தட்டியில் என் பெயர் சின்ன எழுத்தில் இருக்கிறதென்று போன மாதம்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். சரி, அது கிடக்கட்டும்.

அருகில் பிள்ளையார் உருவம், அதையொட்டி 'பரிவாதினி' என்ற சொல். ஏழு நரம்பு யாழ் வகை வீணை அது என்பார்கள். பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினோம்.

அம்பாள் சந்நிதியில் பைரவி வாசித்தேன். கௌசிகப் பண்ணை இன்று பைரவியில்தான் பாடுகிறார்கள். மைக் இல்லை, எதிரொலி மட்டும். மூன்று நான்கு நிமிஷத்துக்குமேல் இழுக்கவில்லை, சாத்துகிற நேரம். மிருதங்கக்காரர் தொடையில்கூடத் தட்டாமல் கண்ணை மூடிக் கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைச் சும்மா உட்கார்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

காரைக்குடியில் பாடகரிடம் படங்களைக் காட்டினேன். உச்சிவெயிலில் எடுத்ததால் பாறை வெளிறி, ஓர் எழுத்தும் தெரியவில்லை. போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் வெட்டெழுத்தில் நிழல் நிற்கும். "அடுத்த தடவை என்னையும் எழுப்புங்க" என்றார் பாடகர். எழுப்பினால் எழுந்திருப்பாரா என்பது வேறு விஷயம்.