ரொறன்ரோவிலிருந்து கல்கரிக்கு வீடு மாறியது: எடைச்சீட்டு, எலிவேற்றர், ஷட்டில்

சாமான்கள் கல்கரிக்கு வந்து சேர்ந்துவிட்டன. உடைந்தது கொஞ்சம், பில்லில் ஏறியது நிறைய. மூவர்ஸ் (வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் நிறுவனம்) தேடுவது, நாலு இடத்தில் விலை கேட்பது, பெட்டி வாங்குவது எல்லாருக்கும் தெரிந்த வேலை. எஸ்டிமேட் கையில் வந்த பிறகு காசு எந்தெந்த ஓட்டையால் போகிறது என்பதைத்தான் எழுதுகிறேன்.

ஊருக்குள் மாறினால் மணிக்கணக்கு, மாகாணம் தாண்டினால் எடைக்கணக்கு. உங்கள் சாமான் ஏறுவதற்கு முன் லொறியைத் தராசில் நிறுத்தி ஒரு சீட்டு எடுப்பார்கள், ஏற்றிய பிறகு இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நீங்கள் காசு கட்டும் எடை. வீட்டைப் பார்த்தோ வீடியோவில் பார்த்தோ தரும் எஸ்டிமேட், கன அடிக்கு 7 றாத்தல் (பவுண்ட்) என்று பெருக்கிப் போடும் ஊகம் மட்டுமே. சோபா, மெத்தை, உடுப்புக்கு அது ஏறக்குறையச் சரிவரும். புத்தகமும் எவர்சில்வர் பாத்திரமும் கல் கிரைண்டரும் உள்ள நம் வீடுகளுக்குச் சரிவராது. 2 கன அடிப் பெட்டியை அந்தக் கணக்கு 14 றாத்தல் என்று எடுக்கும். அதில் புத்தகம் நிரப்பினால் 40 றாத்தலைத் தாண்டும். ஆகவே கனமான பெட்டிகள் எத்தனை என்று எஸ்டிமேட் போடுபவரிடம் சொல்லி, தாளில் எழுத வையுங்கள். கொண்டோவின் (அடுக்குமாடிக் கட்டடத்தின்) கீழ்த்தள லொக்கர், பல்கனி, கராஜ் மூன்றையும் வீடியோவில் காட்டுங்கள். எங்களிடம் லொக்கரைப் பற்றி அவர்கள் கேட்கவே இல்லை. ஏற்றும் நாளில் மட்டும் அது 'எஸ்டிமேட்டில் இல்லாத சாமான்' ஆகிவிட்டது.

சாமான் குறைவாக உள்ளவர்கள் ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச எடை என்ன என்று பாருங்கள். 1,000, 2,000 றாத்தல் என்று போட்டிருப்பார்கள். உங்களிடம் 700 றாத்தல்தான் இருந்தாலும் காசு அந்தக் குறைந்தபட்சத்துக்கே.

எடைச்சீட்டு விடயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். இரண்டு சீட்டிலும் தேதி, தராசு இருக்கும் இடம், லொறி இலக்கம் இருக்க வேண்டும், இரண்டும் ஒரே லொறிக்கு உரியதாக இருக்க வேண்டும். முதல் முறை டீசல் தொட்டி காலி, இரண்டாம் முறை நிரப்பியது என்றால் அந்த டீசலின் எடையும் உங்கள் தலையில்தான். 400 லீட்டர் டீசல் 700 றாத்தலுக்கு மேல் வரும். றாத்தலுக்கு 80 சதம் என்று வைத்தாலும் 560 டொலர். எங்களுக்கு வந்த முதல் பில்லில் எடை இருந்தது, சீட்டு இல்லை. 'சிஸ்டத்தில் இருக்கிறது' என்றார் டிஸ்பாட்ச்சில் இருந்தவர். இரண்டு சீட்டையும் மின்னஞ்சலில் கேட்டு, இறக்குவதற்கு முன் மறுபடி நிறுக்க வேண்டும் என்றும் எழுதியதும் புதிய பில் வந்தது, எடை குறைந்திருந்தது. ஏன் குறைந்தது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

ஒன்ராறியோவில் ஒப்பந்தம் போட்டவர்களுக்கு ஒரு பிடி உண்டு. மாகாணத்தின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எஸ்டிமேட் எழுதப்பட்டிருந்தால் அதற்கு மேல் 10 சதவீதத்தைத் தாண்டி அறவிட முடியாது. தொலைபேசியில் சொன்ன தொகை இதற்குள் வராது, எழுத்தில் இருக்க வேண்டும். மூவர்ஸுக்கும் இந்தச் சட்டம் தெரியும். அதனால்தான் ஏற்றும் நாள் காலையில், லொறி வாசலில் நிற்கும்போது, 'திருத்திய எஸ்டிமேட்' என்று ஒரு தாளை நீட்டுகிறார்கள். அதில் கையெழுத்திட்டால் 10 சதவீதம் புதிய தொகையிலிருந்து எண்ணப்படும். கூடுதலாக என்ன சாமான், எவ்வளவு எடை என்று வரிவரியாக எழுதாத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள்.

அந்த எஸ்டிமேட்டிலேயே வரியையும் பாருங்கள். சரக்கு ஏற்றிச் செல்லும் சேவைக்கு, சாமான் போய்ச் சேரும் மாகாணத்தின் வரிதான் பொருந்தும், புறப்படும் மாகாணத்தினது அல்ல. அல்பேர்ட்டாவுக்குப் போகும் சாமானுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. எங்கள் எஸ்டிமேட்டில் ஒன்ராறியோவின் 13 சதவீத எச்எஸ்டி இருந்தது. 8,000 டொலர் பில்லில் அந்த 8 சதவீத வித்தியாசம் 640 டொலர். ஒரே மின்னஞ்சலில் திருத்திவிட்டார்கள், இந்த முழு அலைச்சலிலும் சுலபமாகக் கிடைத்த காசு இதுதான். எதிர்த்திசையில் போகிறவர்களுக்கு, பாவம், 13தான்.

கனடாவில் மூவர்ஸ் தொழிலுக்கென்று தனி உரிமம் கிடையாது. லொறி இருந்தால் போதும், லொறி இல்லாமலும் நடத்தலாம். விலை சொல்லி முற்பணம் வாங்குபவர் புரோக்கராக இருப்பார், சாமான் ஏற்ற வருவது நீங்கள் பெயரே கேள்விப்படாத நிறுவனமாக இருக்கும். 'என் சாமானை எந்த நிறுவனத்தின் லொறி ஏற்றும்? பில் ஆஃப் லேடிங்கில் யார் பெயர் வரும்?' என்று முதல் நாளே கேளுங்கள் (பில் ஆஃப் லேடிங் என்பது சாமானை ஏற்றும்போது தரும் சரக்குச் சீட்டு). அந்தப் பெயரை வைத்து கனேடியன் அசோசியேஷன் ஆஃப் மூவர்ஸ் உறுப்பினர் பட்டியலில் தேடலாம். பாதிக் காசை முற்பணமாக ஈ-ட்ரான்ஸ்பரில் அனுப்பச் சொன்னால் அங்கேயே கதையை முடித்துக்கொள்ளுங்கள்.

புரோக்கர் விவகாரம் எங்களைக் கடித்தது எலிவேற்றரில். கொண்டோ நிர்வாகம் சாமான் எலிவேற்றரைத் திறக்க வேண்டுமானால் மூவர்ஸின் காப்புறுதிச் சான்றிதழ் கேட்கும். பொறுப்புக் காப்புறுதி 2 மில்லியன் டொலர், அதில் கொண்டோ நிறுவனத்தின் முழுச் சட்டப்பெயரும் சேர்த்து எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. எங்களுக்கு வந்த சான்றிதழில் இருந்தது புரோக்கரின் பெயர், வந்து நின்ற லொறியில் இருந்தது வேறு பெயர். பாதுகாவலர் எலிவேற்றர் சாவியைத் தரவில்லை, அதில் அவர் மேல் பிழையும் இல்லை. சரியான சான்றிதழ் வரும்வரை லொறி நின்றது. பில்லில் 'காத்திருப்பு நேரம்' என்று ஒரு வரி, யாருடைய காகிதத்துக்காகக் காத்திருந்தோம் என்று கேட்டு எழுதிய பிறகுதான் நீங்கியது.

எலிவேற்றர் 3, 4 மணி நேரத்துக்குத்தான் கிடைக்கும். மூவர்ஸ் சொல்வதோ 'காலை 8 முதல் 12க்குள் வருவோம்'. முடிந்தால் அடுத்தடுத்த இரண்டு நேரத் துண்டுகளையும் பதிந்துவிடுங்கள். இறக்கும் இடத்தில் சிக்கல் இன்னும் பெரிது: சாமான் வரும் நாள் ஒன்றிரண்டு நாளுக்கு முன்தான் தெரியும், கட்டட நிர்வாகமோ நாட்கள் முன்னதாகப் பதியச் சொல்லும். கல்கரிக் கட்டடத்துக்கு முதலிலேயே எழுதி, இந்த வாரத்துக்குள் வரும், சரியான நாள் பிறகு சொல்கிறோம் என்று இணக்கம் வாங்கி வைத்ததால் தப்பினோம்.

வரும் நாள் ஏன் தெரியாது என்றால், 53 அடி ட்ரெயிலரில் உங்கள் சாமான் ஒரு மூலைதான். மற்ற வீடுகளின் சாமானும் சேர்ந்து நிரம்பினால்தான் வண்டி புறப்படும். வழியில் வின்னிபெக், ரெஜைனா என்று இறக்கிக்கொண்டு வரும். கல்கரி 3,400 கிலோமீற்றர் சொச்சம், ஓட்டம் நாலைந்து நாள், காத்திருப்பு வாரக்கணக்கு. குளிர்காலத்தில் சுப்பீரியர் ஏரிக்கரையில் 17ஆம் நெடுஞ்சாலை பனியால் மூடப்படுவது வழமை. அந்தப் பக்கத்தில் மாற்று வழியே இல்லாத இடங்களும் உண்டு. 2016 ஜனவரியில் நிப்பிகன் ஆற்றுப் பாலம் பழுதானபோது நாட்டின் கிழக்கும் மேற்கும் கனடாவுக்குள் சாலைவழியாகத் துண்டிக்கப்பட்டன. ஆகவே காற்று மெத்தை, ஒரு குக்கர், மருந்து, நகை, பாஸ்போர்ட், பள்ளிப் பத்திரங்கள் உங்களோடு வரட்டும். தாமதத்துக்கு நட்ட ஈடு உண்டா என்று ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இராது.

அடுத்தது ஷட்டில். 53 அடி ட்ரெயிலரும் இழுக்கும் வண்டியும் சேர்ந்தால் 70 அடிக்கு மேல். டவுண்டவுன் தெரு, டவுண்ஹவுஸ் ஒழுங்கை எதிலும் அது திரும்பாது. சிறிய லொறிக்கு மாற்றிக் கொண்டுவந்து இறக்குவார்கள், அதற்குத் தனிக் காசு. இறக்கும் நாளில்தான் வாய் திறப்பார்கள். எஸ்டிமேட் நேரத்திலேயே இரண்டு விலாசத்தையும் கொடுத்து, தெருப்படத்தைப் பார்த்து, 'ஷட்டில் தேவை, விலைக்குள் அடக்கம்' அல்லது 'தேவையில்லை' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். லொறிக் கதவிலிருந்து வீட்டு வாசல் 75 அடிக்கு மேல் என்றால் நடைத்தூரக் கட்டணம், மாடிப்படிக்கு வேறு, ட்ரெட்மில் மாதிரிப் பெரிய சாமானுக்கு வேறு. நாங்கள் எழுத்தில் வாங்கியது படிக்கட்டணத்தை மட்டும். ஷட்டிலுக்குக் காசு கட்டினோம்.

காப்புறுதி என்று அவர்கள் சொல்வது இரண்டு வகை. ஒன்றும் தெரிவு செய்யாவிட்டால் றாத்தலுக்கு 60 சதம். 40 றாத்தல் ரீவி நொறுங்கினால் 24 டொலர். புதிதாக வாங்கும் விலையைத் தரும் வகைக்கு றாத்தலுக்கு 10 டொலர் என்று மொத்த எடையைப் பெருக்கி மதிப்பு எழுதச் சொல்வார்கள். 5,000 றாத்தல் என்றால் 50,000 டொலர். கட்டணம் கூடத்தான், ஆனாலும் எடுங்கள். நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் இரண்டிலும் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது, சாமான் பட்டியலில் அதற்கு 'பி.பி.ஓ.' (சொந்தக்காரரே கட்டியது) என்று குறித்துவிடுவார்கள். எனவே பீங்கான், ரீவி, கண்ணாடி மேசை ஆகியவற்றை மட்டும் அவர்களையே கட்டச் சொல்லி, மற்றதை நீங்கள் கட்டுவது கணக்குக்கு நல்லது.

அந்தப் பட்டியலில்தான் பாதி விளையாட்டு. ஒவ்வொரு சாமானுக்கும் இலக்கம் ஒட்டி, பக்கத்தில் எழுத்துக்குறி போடுவார்கள்: எஸ்.சி. என்றால் கீறல், சி.எச். சிறு துண்டு பெயர்ந்தது, பி.ஆர். உடைந்தது, எம்.சி.யு. இயங்குமா தெரியாது. புத்தம்புது அலுமாரிக்கும் கீறல், துண்டு பெயர்வு, தேய்வு என்று மூன்றையும் போட்டுவிட்டுப் போவார்கள், பிறகு நட்ட ஈட்டுக் கிளெயிமில் 'முன்பே இருந்தது' என்பார்கள். கையெழுத்துக்கு முன் கீழே உள்ள குறிப்புப் பகுதியில் 'இலக்கம் 41, 42 கீறல் இல்லை, படம் உண்டு' என்று எழுதுங்கள். இறக்கும்போதும் ஒருவர் வாசலில் நின்று இலக்கத்தை அடித்துக்கொண்டே வர வேண்டும். நசுங்கிய பெட்டிக்கு 'வெளியே நசுங்கியுள்ளது, உள்ளே இன்னும் பார்க்கவில்லை' என்று அதே தாளில் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

சாமான் கட்டும் விடயத்தில் நாலு குறிப்பு. முன்பக்கம் திறக்கும் உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்கு ட்ரம்மை இறுக்கும் போல்ட்டுகள் பின்பக்கம் போட வேண்டும். போடாமல் 3,000 கிலோமீற்றர் ஓடினால் உள்ளே உள்ள தாங்கிகள் போய்விடும். வாங்கியபோது வந்த போல்ட் தொலைந்திருந்தால் மொடல் இலக்கத்தைச் சொல்லி முன்கூட்டியே வாங்குங்கள். கிரைண்டரின் குழவிக் கற்களைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள், உள்ளேயே விட்டால் ஆடி ஆடி அச்சை வளைக்கும். பெயின்ட், ஸ்ப்ரே, பிளீச், நெயில் பொலிஷ் நீக்கி, பார்பிக்யூ புரொப்பேன் எதையும் ஏற்ற மாட்டார்கள், புல்வெட்டியில் பெட்ரோல் இருந்தால் அதையும் விட்டுவிட்டுப் போவார்கள். குளிர்காலத்தில் ட்ரெயிலருக்குள் சூடு கிடையாது: கண்ணாடிப் போத்தலில் உள்ள வினாகிரியும் சோஸும் உறைந்து வெடிக்கும், வந்திறங்கிய ரீவியை ஒரு நாள் அறைச் சூட்டில் விட்ட பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

இறக்குவதற்கு முன் முழுக்காசும் கேட்பார்கள். பல வங்கிகளில் ஈ-ட்ரான்ஸ்பர் நாளொன்றுக்கு 3,000 டொலரோடு நின்றுவிடும். வங்கி ட்ராஃப்ட் ஏற்பார்களா என்று முன்பே கேட்டு எடுத்து வையுங்கள்.

அரசாங்கக் காகிதங்கள் இதோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. அல்பேர்ட்டா சுகாதார அட்டைக்கு வந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒக்ரோபரில் வந்தால் ஜனவரி 1 முதல் நடைமுறை, அதுவரை ஓஹிப் (ஒன்ராறியோ சுகாதார) அட்டையை வீசிவிடாதீர்கள். ஓட்டுநர் உரிமமும் கார்ப் பதிவும் 90 நாளுக்குள். காருக்கு வெளிமாகாணப் பரிசோதனை உண்டு; முன் பக்கக் கண்ணாடிகளில் கறுப்புப் படலம் ஒட்டியிருந்தால் இங்கே செல்லாது, உரித்துவிட்டுப் போனால் இரண்டாம் முறை போக வேண்டியதில்லை. வேலைக்காக மாறி, புதிய வீடு பழையதைவிடப் புதிய வேலையிடத்துக்கு 40 கிலோமீற்றராவது கிட்ட இருந்தால் டி1-எம் படிவத்தில் மூவர்ஸ் செலவைக் கழிக்கலாம். ஆனால் புதிய இடத்தில் உழைத்த வருமானத்துக்கு மட்டும். வருடக் கடைசியில் மாறினால் மிச்சத்தை அடுத்த வருடத்துக்குக் கொண்டு போகலாம். புரோக்கரின் ரசீது, ஏற்றியவரின் பில் இரண்டையும் வையுங்கள்.

சாப்பாட்டு மேசையின் கால் பிளந்ததற்கான கிளெயிம் இன்னும் ஓடுகிறது. ஒப்பந்தத்தில் அறிவிக்க 60 நாள் இருந்தது, முதல் வாரமே படத்தோடு அனுப்பினோம். அவர்கள் முதலில் சொன்ன தொகை 60 சதக் கணக்குப்படி. கூடிய மதிப்பு எழுதிய பில் ஆஃப் லேடிங்கின் பக்கத்தையும், மேசையைக் கட்டியது அவர்கள்தான் என்று குறித்த பட்டியல் தாளையும் அனுப்பிய பிறகு, 'மறுபடி பார்க்கிறோம்' என்று பதில் வந்திருக்கிறது.