தாளைத் திருப்பிய கை

எட்டு வயதில் பழைய நாட்காட்டித் தாள்களில் மிருகங்களை வெட்டுவேன். பென்சிலால் வரைந்துகொள்வதில்லை. வால் நுனியில் கத்தரிக்கோலை வைத்தால் முதுகு, காது, மூக்கு, வயிறு என்று சுற்றிவந்து மறுபடியும் வாலில் முடியும். கத்தரியைப் பிடித்த வலக்கை அசையாது. இடக்கைதான் தாளைத் திருப்பிக்கொண்டே இருக்கும். யாரும் சொல்லித் தந்ததில்லை. இந்த ஏழு மாதங்களில் மூன்று கைவேலைகளைக் கற்கத் தொடங்கினேன். மூன்றிலும் அந்த இடக்கையைச் சந்தித்தேன் என்பதால் இதை எழுதிவைக்கிறேன்.

முதலில் லினோ அச்சு: லினோலியம் தகட்டில் உளியால் படம் செதுக்கி, மை தடவித் தாளில் பதிக்கும் வேலை. நேர்கோடுகள் சுலபமாக வந்தன. வளைவு வந்தால் உளி வழுக்கி ஓடியது. லினோவை வெயிலில் சற்று வைத்து எடுத்தால் மென்மையாகும் (அதில் ஆளிவிதை எண்ணெய் இருக்கிறது) என்பது தெரிந்தும் பலனில்லை. மூன்றாவது துண்டில், ஒரு பூனையின் முதுகைச் செதுக்கும்போது, உளியை ஒரே இடத்தில் தாழ்வாக நிறுத்திவிட்டு இடக்கை தானாகவே லினோவைத் திருப்பத் தொடங்கியது. உளியின் முன்னால் லினோ சுருள் சுருளாக எழுந்தது. முதுகு முழுவதும் ஒரே வீச்சில் முடிந்தது. அச்சில் படம் இடம் வலமாக மாறுவதும் என்னைக் குழப்பவில்லை. வெட்டிய தாளைப் புரட்டினால் பூனை மறுபக்கம் பார்க்கும் என்பது எனக்கு எட்டு வயதிலேயே தெரியும்.

மண் அப்படி இடம் கொடுக்கவில்லை. சக்கரத்தில் மண்தான் சுழல்கிறது, கை அசையாமல் இருந்தால் போதும். எனக்குப் பழகிய வேலைதானே என்று நம்பி உட்கார்ந்தேன். முழங்கையைத் தொடையில் ஊன்றி மண்ணை நடுவில் நிறுத்துவதற்கே ஆறு வாரம் ஆனது. அதன்பின் வந்த கிண்ணங்கள் பக்கவாட்டில் பார்க்க அழகாக இருந்தன, தூக்கினால் கனத்தன. ஈரம் காயும் முன் ஒன்றைக் கம்பியால் நடுவே பிளந்து பார்த்தேன். விளிம்பு மெலிந்திருந்தது, அடிப்பகுதி கட்டைவிரல் பருமன் இருந்தது. தாள் வெட்டிப் பழகிய கண் வெளிக்கோட்டை மட்டும் பார்த்திருக்கிறது; உள்ளே ஒரு வடிவம் இருப்பதை அது கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. சிறுவயதுப் பழக்கம் கொடுப்பதோடு மறைக்கவும் செய்யும் என்பதை அந்தப் பாதிக் கிண்ணத்தில்தான் பார்த்தேன். ஆனால் பிளந்த முகம் எனக்குத் தெரிந்த மொழியில் பேசியது: அதுவும் ஒரு வெட்டுருவம்தான். பிறகு பத்துக் கிண்ணங்களையாவது பிளந்திருப்பேன். ஒன்றைக்கூடச் சூளைக்கு அனுப்பவில்லை, அதில் எனக்கு வருத்தமில்லை.

இப்போது கம்பி. சிற்பி அலெக்சாண்டர் கால்டர் 1909இல், பதினோரு வயதில், பித்தளைத் தகட்டை வெட்டி மடித்து ஒரு நாயும் ஒரு வாத்தும் செய்து பெற்றோருக்குப் பரிசளித்தார். வாத்தைத் தட்டினால் ஆடும். பின்னாளில் காற்றில் அசையும் சிற்பங்களால் பெயர்பெற்றவரின் கை அந்த வாத்திலேயே அசைவைத் தேடியிருக்கிறது. இதைப் படித்த இரவுதான் இரண்டு மில்லிமீட்டர் அலுமினியக் கம்பியை எடுத்தேன்.

குறடை நிறுத்திக் கம்பியைத் திருப்புகிறேன். வரையாமல், வாலிலிருந்தே தொடங்குகிறேன். செம்புக் கம்பியிலும் முயன்றேன். அதை வளைக்க வளைக்க இறுகிப்போகிறது, சூடாக்கி இளக்கினால்தான் மறுபடி இணங்கும். அதை இன்னும் பழகவில்லை. அலுமினியத்தில் முதல் இரண்டு பறவைகள் மேசையில் தட்டையாகப் படுத்துக்கிடந்தன, தாளில் வெட்டியவை போலவே. மூன்றாவதில் மார்பைக் கடந்ததும் கம்பியை என் பக்கமாக வளைத்தேன். ஒரு இறக்கை மேசையை விட்டு எழுந்து நிற்கிறது. மறு இறக்கைக்குக் கம்பி போதவில்லை. நாளை நீளமாக வெட்டி, வாலிலிருந்து மறுபடி தொடங்கப்போகிறேன்.