ராத்திரி ரெண்டு சப்பாத்தி

பதினாறு வருடமாகச் சென்னையில் டயட்டீஷியனாக இருக்கிறேன். சர்க்கரையோ உடல் எடையோ, எதற்கு வந்தாலும் நான் சொல்லிப் பழகியது ‘ராத்திரி சோறு வேண்டாம், ரெண்டு சப்பாத்தி போதும்’. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் சிலருடைய சிறுகுடலைக் கெடுக்கும் என்று படித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பாதிப்பான சீலியாக் என்றால் வடநாட்டு நோய் என்றே மனதில் பதிந்திருந்தது.

அம்பத்தூரிலிருந்து அம்மாவோடு வந்தாள் அந்தப் பெண். 24 வயது, ஹீமோகுளோபின் 7.8. மூன்று வருடமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று எழுத ஆரம்பித்தவள், ராத்திரி என்ன சாப்பிடுவாய் என்று கேட்டேன். "வேலைக்குப் போனதிலேர்ந்து சப்பாத்திதான் மேடம். வயிறு உப்பிக்கிட்டே இருக்கும்." பேனாவை வைத்துவிட்டுக் குடல் டாக்டரிடம் அனுப்பினேன். சீலியாக்கைக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்பொருளை அளக்கும் டிடிஜி ரத்தப் பரிசோதனையில் அளவு மிக அதிகம். பயாப்ஸியில் குடலுறிஞ்சிகள் தட்டையாகிக் கிடந்தன. சீலியாக்தான். சத்தை உறிஞ்ச வேண்டியவை அவைதான், பிறகு மாத்திரை எப்படி ஒட்டும்?

அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். இந்தியாவில் 23,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து, 2016-ல் வெளியான ஆய்வில், ரத்தத்தில் சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் வடக்கே 1.23 சதவீதம், வடகிழக்கே 0.87, தெற்கே 0.10. ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு மூன்று பகுதியிலும் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவரிடம் இருந்தது. பெரிய வித்தியாசம் தட்டில்தான். வடக்கே ஒருவர் நாளுக்கு 455 கிராம் கோதுமை சாப்பிட, தெற்கே வெறும் 25 கிராம். அந்த 25 கிராமைக் கூட்டிவிடும் வேலையைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன். அமெரிக்காவில் 1948 முதல் 1954 வரை விமானப்படையினரிடம் எடுத்துச் சேமித்த ரத்தத்தை இன்றைய ஆட்களின் ரத்தத்தோடு ஒப்பிட்டபோது, நோய் நான்கு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. டெஸ்ட் பெருகியதால் மட்டும் எண்ணிக்கை ஏறவில்லை.

சப்பாத்தி, ரவை, சேமியா, பரோட்டா எல்லாவற்றையும் அந்தப் பெண் நிறுத்தினாள். ஆறு மாதமாகியும் டிடிஜி சரியாக இறங்கவில்லை. சமையலறையில் இருப்பதையெல்லாம் கொண்டுவரச் சொன்னேன். அவள் அம்மா மஞ்சப்பையிலிருந்து ஒவ்வொன்றாக மேஜையில் எடுத்து வைத்தார். கடைசியாக வந்தது கட்டிப் பெருங்காய டப்பா. கண்ணாடியைப் போட்டு அடியிலிருந்த பொடி எழுத்தைப் படித்தேன்: கோதுமை மாவு. "ஒரு சிட்டிகைதானே போடுறேன்" என்றார். சாம்பாரிலும் ரசத்திலும் தினமும் அந்தச் சிட்டிகை. நான் கொடுத்த தாளிலோ ‘சாம்பார், ரசம் தாராளமாக’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அரிசி மாவு கலந்த பெருங்காயம் கிடைக்கிறது, அதற்கு மாறினார்கள்.

இப்போது மாத்திரைக்கு மசியாத ரத்தசோகை என்று யார் வந்தாலும் டிடிஜி எடுத்தீர்களா என்று கேட்கிறேன். சிலர் கோதுமையை நிறுத்திவிட்டு வந்து நிற்கிறார்கள். அது தப்பு. நிறுத்திவிட்டால் டெஸ்டில் நோய் பிடிபடாமல் போகலாம். டெஸ்ட் முடியும்வரை சாப்பிடுங்கள் என்று கெஞ்சாத குறைதான்.

போன வாரம் அந்தப் பெண் வந்தாள். ஹீமோகுளோபின் 11.6. முகத்தில் சோர்வே இல்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, "மேடம், கோயில் புளியோதரை சாப்பிடலாமா?" என்று கேட்டாள். எந்தப் பெருங்காயம் போடுகிறார்கள் என்று மடப்பள்ளியில் விசாரித்துச் சொல்கிறேன், அதுவரை வேண்டாம் என்றேன்.