பதவி இறங்க இறங்க ரத்தக்குழாய் படும் பாடு

லண்டன் அரசு ஊழியர்களிடம் 1967-ல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு, மாரடைப்பைப் பற்றிப் பேசும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. யாரும் பட்டினி கிடந்தவர்கள் இல்லை. எல்லாருக்கும் இலவச அரசு மருத்துவம். அப்படியும் கடைநிலை ஊழியர்களிடம் இதயநோய் இறப்பு, உயரதிகாரிகளைப்போல ஏறக்குறைய 3 மடங்கு! புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் சேர்ந்தும் இந்த வித்தியாசத்தில் பாதியைக்கூட விளக்கவில்லை.

1985-ல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு, வேலை எப்படிப்பட்டது என்பதைப் பார்த்தது. தன் வேலையில் தனக்கே பிடி இல்லாதவர்களுக்கு இதயநோய் அதிகம். இன்னொன்று என்னை உலுக்கியது: அலுவலகத்தில் இரு தரப்புக்கும் ரத்த அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான், வீட்டுக்குப் போனதும் அதிகாரிக்கு நன்றாக இறங்குகிறது, கீழே இருப்பவருக்கு அவ்வளவு இறங்குவதில்லை. ஓய்விலும் அழுத்தம் தாங்கும் ரத்தக்குழாய் நாளடைவில் மீள்தன்மை இழந்து விறைக்கும்.

அதனால் ரத்த அழுத்தத்தைக் கிளினிக்கில் ஒருமுறை பார்த்தது போதாது. காலையிலும் மாலையிலும் வீட்டிலேயே பாருங்கள். 5 நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, 1 நிமிட இடைவெளியில் 2 முறை. ஒரு வாரச் சராசரி 135/85-ஐத் தொட்டால் டாக்டரிடம் போங்கள். கை தொங்கினால் அளவு கூடுதலாகக் காட்டும்.