இருக்கையில் காத்திருந்த சிறு பெட்டி

'ஸ்டார் டிரெக்: வாயேஜர்' என்ற விண்வெளிக் கதைத் தொலைக்காட்சித் தொடரில் விண்கலத்தை ஓட்டும் விமானி டாம் பாரிஸ் இருமுறை தண்டிக்கப்பட்டவர். முதல் முறை, தம் தவறால் நேர்ந்த விபத்தில் மூன்று அதிகாரிகள் இறந்ததை அவர் மறைத்தார். பின்னர் மனம் பொறுக்காமல் தாமே உண்மையைச் சொன்னதும் விண்வெளிப் படையிலிருந்து நீக்கப்பட்டார். என்னைப் பொறுத்தவரை, விபத்தைவிட அந்தப் பொய்தான் பெரிய குற்றம். ஆனாலும், தானாக வந்து ஒப்புக்கொண்டவனுக்குத் திரும்பி வர ஒரு வழியையாவது விட்டிருக்க வேண்டும். வழியில்லாததால் அவர் கிளர்ச்சிக்காரர்களிடம் போனார், பிடிபட்டார், சிறைக்கும் போனார்.

இரண்டாவது தண்டனை, அவர் வாயேஜர் விண்கலத்தின் விமானியான பிறகு, 1998இல் வெளியான அத்தியாயத்தில் வருகிறது. ஒரு கடல் உலகைக் காப்பதற்காகக் கட்டளையை மீறிய அவரை, கேப்டன் ஜேன்வே லெப்டினன்ட் நிலையிலிருந்து அதிகாரிகளில் மிகக் கீழ்நிலையான என்சைனாக இறக்கி, 30 நாள் தனிச்சிறையில் அடைக்கிறார். அந்த அறையிலிருந்து, அட்மிரலான தந்தைக்கு அவர் சொல்லச் சொல்லப் பதிவாகும் கடிதம் என்னை இன்றும் கலங்கவைக்கிறது. கடுமையான தண்டனைதான், ஆனால் இதற்கு முடியும் நாள் ஒன்று இருந்தது, முடிந்ததும் விமானி இருக்கை அவருக்காகவே காத்திருந்தது. 2000இல் வெளியான அத்தியாயத்தில் அதே இருக்கையில் ஒரு சிறு பெட்டி இருந்தது. அதனுள் இருந்தது, பறிக்கப்பட்ட அவருடைய பதவிச் சின்னம்.