தெற்கு சாலமன் ஆற்றங்கரையில் நிக்கோடெமஸ்

கான்சஸ் மாநிலத்தின் குறுக்கே ஓடும் 70ஆம் எண் விரைவுச்சாலையில் வருபவர்களில் பெரும்பாலோர் ஹேஸ் நகரில் பெட்ரோல் போட்டுக்கொண்டு நேரே டென்வரை நோக்கிப் போய்விடுவார்கள். நாங்கள் அங்கே வடக்கே திரும்பி, பிளெயின்வில், ஸ்டாக்டன் ஆகிய சிற்றூர்களைத் தாண்டி, 24ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் சென்றோம். ஜூன் மாதக் கடைசி என்பதால் குளிர்காலக் கோதுமையின் அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அறுவடை இயந்திரம் கிளப்பிய தூசி ஒரு மைல் தொலைவிலிருந்தே தெரிந்தது. அடுத்த வயலில் சோளப்பயிர் முழங்கால் உயரத்துக்கு நின்றது. ஸ்டாக்டனிலிருந்து இருபது மைலுக்குள் கிரஹாம் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) எல்லைக்குள் நுழைந்து நிக்கோடெமஸை அடைந்தோம். 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இவ்வூரில் எண்ணியவர்கள் 14 பேர்.

ஊரைப் பார்ப்பதற்கு முன் அது அமர்ந்திருக்கும் நிலத்தைப் பார்த்துவிட வேண்டும். அமெரிக்காவின் இந்தப் பகுதியில் நிலம் முதலில் காகிதத்தில்தான் பிறந்தது. 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி பக்கத்துக்கு ஆறு மைல் கொண்ட சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு சதுர மைல் பரப்புள்ள 36 பிரிவுகள். ஒவ்வொரு பிரிவும் 640 ஏக்கர். அதில் கால்பங்கு 160 ஏக்கர். 1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் அந்தக் கால்பங்கைத்தான் ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ இலவசமாகக் கொடுத்தது. ஐந்தாண்டு தங்கி உழுதால் பட்டா கிடைத்துவிடும். இன்றும் மண்சாலைகள் மைலுக்கு ஒன்றாக, கோடு போட்டாற்போல ஓடுகின்றன. நேராகப் போய்க்கொண்டிருக்கும் சாலை சில இடங்களில் காரணமில்லாததுபோல் சற்றே விலகி மறுபடி நேராவதைக் காணலாம். உருண்டையான பூமியின் மேல் சதுரங்களை அடுக்க முயன்ற நில அளவையாளர்கள் கணக்கைச் சரிக்கட்டிய இடங்கள் அவை.

அளவைக்கான டவுன்ஷிப் ஒன்று, நிர்வாகத்துக்கான டவுன்ஷிப் மற்றொன்று. கான்சஸில் பின்னது கவுண்டிக்குக் கீழே உள்ள மிகச் சிறிய உள்ளாட்சி. அறங்காவலர், எழுத்தர், பொருளாளர் என மூவரைத் தேர்ந்தெடுத்து, பொதுவாக உள்ளூர்ச் சாலை, இடுகாடு போன்றவற்றைக் கவனித்துக்கொள்கிறது. நிக்கோடெமஸ் டவுன்ஷிப்பின் மன்றக் கட்டடம் 1939இல், பொருளாதாரப் பெருமந்தக் கால வேலைவாய்ப்புத் திட்டத்தின்கீழ் வெளிர்மஞ்சள் சுண்ணாம்புக்கல்லால் எழுப்பப்பட்டது. கற்களின் முகப்பில் உளிபட்ட தழும்புகள் கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு இன்னும் கரடுமுரடாகவே இருக்கின்றன. இந்த மன்றத்தில்தான் தேசியப் பூங்காத் துறை பார்வையாளர் மையத்தை வைத்தது. 1996இல் நிக்கோடெமஸ் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டபின் பாதுகாக்கப்படும் ஐந்து கட்டடங்களுள் இதுவும் ஒன்று. இரண்டு தேவாலயங்கள், பழைய விடுதி, பள்ளிக்கூடம் ஆகியவை மற்ற நான்கு. எல்லாவற்றையும் நடந்தே பார்த்துவிடலாம்.

இத்தனை சிறிய ஊருக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததன் காரணம் 1877இல் இருக்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு கைவிடப்பட்ட ஆண்டு அது. வெள்ளையரான நில வணிகர் டபிள்யூ. ஆர். ஹில்லும் கறுப்பினத்தவரான டபிள்யூ. எச். ஸ்மித்தும் முன்னின்று ஒரு குடியேற்ற நிறுவனத்தை ஏற்படுத்தி, கென்டக்கியில் விளம்பரம் செய்தார்கள். முன்னாள் அடிமைகள் முந்நூறு பேர் அந்த ஆண்டு செப்டம்பரில் ரயிலில் எல்லிஸ் வரை வந்து, அங்கிருந்து முப்பது மைலுக்கு மேல் நடந்து இங்கே சேர்ந்தார்கள். விளம்பரத்தில் இருந்த வளத்தை இங்கே காணாத சிலர் மறுநாளே திரும்பிவிட்டார்கள். வளமில்லாத மண் அல்ல இது; மரமில்லாத மண். வீடு கட்டப் பலகை கிடைக்காததால் குடியேறியவர்கள் நிலத்தைக் குடைந்து குழிவீடுகளில் வசித்தார்கள். மறு ஆண்டு வசந்தத்தில் வந்த வில்லியானா ஹிக்மன், ஊர் எங்கே என்று கேட்டபோது கணவர் தரையிலிருந்து எழுந்த புகையைக் காட்டினாராம். அழுதுவிட்டதாக அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். முதல் குளிர்காலத்தில் வேட்டையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் பழங்குடியினர் இறைச்சி கொடுத்துக் காப்பாற்றியதாக இவ்வூர்க் குடும்பங்கள் சொல்லி வருகின்றன.

ஊர் எழுந்தது. 1880களின் நடுவில் கடைகள், விடுதிகள், தேவாலயங்கள், இரண்டு செய்தித்தாள்கள் என வளர்ந்த நிக்கோடெமஸுக்குக் குறையாக இருந்தது ரயில் ஒன்றுதான். 1887இல் மிசௌரி பசிபிக் நிறுவனத்தை வரவழைப்பதற்காக 16,000 டாலர் கடன் பத்திரம் வெளியிட டவுன்ஷிப் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தார்கள். அந்த ரயில் வரவில்லை. மறு ஆண்டு யூனியன் பசிபிக் தண்டவாளம் போட்டது, ஆனால் தெற்கு சாலமன் ஆற்றின் மறுகரையில். சில மைல் தள்ளி அங்கே போக் என்ற ஊர் முளைக்க, வணிகர்கள் அங்கு குடிபெயர்ந்தார்கள். சிலர் கடையைக் கட்டடத்தோடு பெயர்த்துக்கொண்டு போனார்கள். அந்த ஆற்றைப் பார்க்கவும் போனோம். ஒரு முழு ஊரின் தலைவிதியை மாற்றிய ஆறு என்று யாராவது சொன்னால்தான் நம்பலாம்; இலவ மரத்தைப் போலப் பஞ்சு பறக்கவிடும் காட்டன்வுட் மரங்களுக்கிடையே, ஒரு தாவலில் கடந்துவிடக்கூடிய அகலத்தில் தண்ணீர் நகர்ந்துகொண்டிருந்தது.

ஆனால் ரயிலை மட்டும் குற்றம் சொல்வது எனக்குச் சரியாகப்படவில்லை. ரயில் கிடைத்த போக் இன்றும் சில தெருக்கள் மட்டுமே கொண்ட சிற்றூர்தான். கிரஹாம் கவுண்டி முழுவதிலும் 1910 வாக்கில் எட்டாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். 2020இல் 2,415 பேர். ஏறக்குறைய 900 சதுர மைல் பரப்புள்ள கவுண்டியில், சதுர மைலுக்கு மூவர்கூட இல்லை. ஈரமான கிழக்கையும் வறண்ட மேற்கையும் பிரிப்பதாகச் சொல்லப்படும் 100ஆம் தீர்க்கரேகை இந்தக் கவுண்டியின் மேற்குப் பகுதியில் ஓடுகிறது. கிழக்கே ஒரு குடும்பத்தை வாழவைத்த 160 ஏக்கர் இங்கே போதவில்லை. நில ஆய்வாளர் ஜான் வெஸ்லி பவல் 1878லேயே, வறண்ட மேற்கில் மேய்ச்சல் பண்ணைக்கு 2,560 ஏக்கர் வேண்டும் என்று எழுதினார். சட்டம் இயற்றியவர்கள் கேட்கவில்லை. மழை கேட்க வைத்தது. 1930களின் புழுதிப் புயல் ஆண்டுகளில் ஒரு குடும்பம் விட்டுப்போன கால்பங்கை அடுத்த குடும்பம் வாங்கியது, பிறகு டிராக்டர் பெரிதாகப் பெரிதாக அந்தக் குடும்பமும் மற்றொருவருக்கு விற்றது. பண்ணை வளர்ந்த கணக்கும் ஆள் குறைந்த கணக்கும் ஒன்றேதான். வெள்ளையர் குடியேறிய அக்கம்பக்கத்து டவுன்ஷிப்புகளிலும் இதே கதை. 1953இல் நிக்கோடெமஸின் அஞ்சலகம் மூடப்பட்டது.

கணக்கெடுப்புக்குப் பிடிபடாத மக்கள்தொகை ஒன்று இவ்வூருக்கு உண்டு. ஜூலை கடைசி வார இறுதியில் பல மாநிலங்களிலிருந்தும் வழித்தோன்றல்கள் நூற்றுக்கணக்கில் ஊர் திரும்புகிறார்கள். 1834 ஆகஸ்ட் 1 அன்று மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்த நாளையொட்டித் தொடங்கிய விழா இது. ஊரிலேயே வசிக்காமல், பக்கத்து ஊர்களிலிருந்து வந்து முன்னோர் நிலத்தில் இன்றும் பயிர் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

போக விரும்புவோருக்கு: நிக்கோடெமஸில் தங்கும் விடுதியோ பெட்ரோல் நிலையமோ கிடையாது. மேற்கே 12 மைலில் உள்ள கவுண்டித் தலைநகர் ஹில் சிட்டியிலோ கிழக்கே ஸ்டாக்டனிலோ அறை எடுத்துக்கொள்ளலாம். ஹில் சிட்டி என்ற பெயர் குன்றால் வந்ததல்ல, மேலே சொன்ன அதே நில வணிகர் ஹில்லால் வந்தது. 2012 ஜூன் கடைசியில் அங்கே 115 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவாகி, நாட்டிலேயே வெப்பமான இடமாகச் செய்தியில் வந்தது. கோடையில் போவதானால் தண்ணீர் நிறைய எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.