கல்லாவில் வந்து விழுந்தவை

பிப்ரவரி 3, 2026

அமெரிக்காவில் ஒரு கடையில் கேஷியர் நான், பழைய காசு சேர்ப்பது பழக்கம். காலையில் கல்லாவை நிரப்பும்போது குவார்ட்டர் ரோலை, அதாவது 25 சென்ட் நாணயச் சுருளை, விளிம்பில் தட்டி உடைத்தேன். கொட்டிய காசுகளில் ஒன்று மட்டும் கணீரென்று விழுந்தது. எடுத்துப் பார்த்தால் 1962. பின்பக்கம் கழுகுக்குக் கீழே சின்னதாக ஒரு ‘டி’, அதாவது டென்வர் அக்கசாலையில் (நாணயச்சாலையில்) அடித்தது.

அமெரிக்காவில் 1964 வரை டைம் (10 சென்ட்), குவார்ட்டர், அரை டாலர் மூன்றுமே 90 சதவீதம் வெள்ளி. வெள்ளி விலை ஏறியது, மக்கள் காசைப் பதுக்கினார்கள், சில்லறைக்குத் தட்டுப்பாடு வந்தது. 1965-இல் சட்டம் போட்டு டைமிலும் குவார்ட்டரிலும் வெள்ளியை அடியோடு நிறுத்திவிட்டார்கள். இப்போதைய காசில் நடுவில் செம்பு, இருபுறமும் செம்பும் நிக்கலும் கலந்த தகடு. அதனால்தான் விளிம்பில் பழுப்பாக ஒரு கோடு தெரிகிறது. வெள்ளிக் காசில் அந்தக் கோடு இருக்காது. எனவே தேதியைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. டிராயரில் குவார்ட்டர்கள் சாய்ந்து கிடக்கும்போது விளிம்பை ஒரு பார்வை பார்த்தால் போதும்.

இந்த ஒரு காசில் 5.6 கிராம் வெள்ளி இருக்கிறது. அறுபது வருடம் எத்தனை கேஷியர் கைகளைத் தாண்டி வந்ததோ தெரியவில்லை. இல்லை, யாரோ டப்பாவில் போட்டு வைத்திருந்து போன வாரம்தான் வெளியே வந்திருக்கும். தேய்மானத்தைப் பார்த்தால் இரண்டாவதுதான் நடந்திருக்கும்.

பிப்ரவரி 5

மேனேஜரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். பழைய காசு வந்தால் என் காசைப் போட்டு மாற்றிக்கொள்ளலாமா என்று. அவர் சொன்ன நிபந்தனைகள்: வாடிக்கையாளர் முன்னால் நிற்கும்போது கூடாது. ஷிஃப்ட் முடிந்து கல்லா எண்ணும்போது இன்னொருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். முகமதிப்புக்கு முகமதிப்பு, ஒரு சென்ட் கூடக் குறையக் கூடாது. அதுவரை காசு டிராயரிலேயே கிடக்கட்டும்.

நியாயம்தான். கேமராவில் பார்ப்பவருக்கு நான் சொந்தப் பையிலிருந்து குவார்ட்டர் போட்டது தெரியாது, கல்லாவிலிருந்து எடுத்தது மட்டும்தான் தெரியும். இதே வேலையில் இருந்துகொண்டு இந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கு என் யோசனை: முதலில் அனுமதி வாங்குங்கள், காசைப் பிறகு தேடலாம்.

பிப்ரவரி 9

இன்று பென்னி மழை, ஒரு சென்ட் நாணயங்கள். போன நவம்பரில் பிலடெல்பியாவில் புழக்கத்துக்கான கடைசிப் பென்னியை அடித்ததிலிருந்து ஜாடி ஜாடியாகக் கொண்டு வருகிறார்கள். செல்லாமல் போய்விடுமோ என்ற பயம். செல்லும், தாராளமாகச் செல்லும். புதிதாக அடிப்பதைத்தான் நிறுத்தினார்கள். 2024-இல் ஒரு சென்ட் நாணயம் செய்ய 3.69 சென்ட் செலவானது. எத்தனை நாள்தான் தாங்குவார்கள்?

எண்ணி அடுக்கும்போது பின்பக்கத்தை மேலே திருப்பி வைத்துக்கொண்டேன். இரண்டு கோதுமைக் கதிர் இருந்தால் 1909-க்கும் 1958-க்கும் நடுவில் வந்தது. லிங்கன் பிறந்து நூறாண்டு ஆனபோது அவர் தலையைப் போட்டார்கள், நூற்றைம்பது ஆனபோது கதிரை எடுத்துவிட்டு நினைவு மண்டபத்தைப் போட்டார்கள். இன்றைக்குக் கதிர்க் காசு கைநிறையச் சேர்ந்தது. பெரும்பாலும் 1940-களும் 50-களும். பெரிய மதிப்பில்லை, ஆனால் அந்தச் சாக்லேட் நிறம் எனக்குப் பிடிக்கும்.

ஒன்று மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது: 1943. போருக்குச் செம்பு வேண்டியிருந்ததால் அந்த ஒரு வருடம் எஃகில் அடித்துத் துத்தநாகம் பூசினார்கள். காந்தத்தில் ஒட்டும். தவறுதலாகச் செம்புத் தகட்டில் விழுந்த 1943 பென்னிகளும் உண்டு. மிகச் சிலவே, கிடைத்தால் யோகம்தான். அதனாலேயே எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி ஏமாற்றுகிறார்கள். முலாம் பூசினாலும் காந்தம் விடாது. 1948-இல் உள்ள எட்டைச் செதுக்கி மூன்றாக்கும் வித்தையும் இருக்கிறது. அது உண்மையிலேயே செம்பு, காந்தம் உதவாது. அங்கே பூதக்கண்ணாடிதான் வேண்டும்.

பிப்ரவரி 10

ஒன்றுமில்லை. முரசு அடிப்பவன் படம் போட்ட ‘1776–1976’ குவார்ட்டர் ஒன்றை ஒருவர் பத்திரமாகத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து, இது எவ்வளவு போகும் என்று கேட்டார். இருபத்தைந்து சென்ட் போகும் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. கோடிக்கணக்கில் அடித்த காசு அது. என்ன செய்வது.

பிப்ரவரி 14

இரண்டு டாலர் நோட்டு. பக்கத்துக் கவுண்டர் அம்மா என்னைவிட வெகுகாலமாக இங்கே கேஷியர், ஆனாலும் இரண்டு டாலர் நோட்டைக் கண்டால் கைநடுக்கம். டிராயரில் அதற்கென்று ஓர் அறை இல்லாததே காரணம். அறை இல்லாத நோட்டு கள்ள நோட்டு என்று மனசு முடிவு செய்துவிடுகிறது போல.

1966-இல் அச்சிடுவதை நிறுத்தி, 1976 ஏப்ரல் 13-இல், நோட்டில் படமாக இருக்கும் முன்னாள் அதிபர் ஜெஃபர்சனின் பிறந்தநாளன்று, மறுபடி வெளியிட்டார்கள். பின்பக்கம் சுதந்திரப் பிரகடனக் காட்சி. வெளிவந்த அன்றே நிறையப் பேர் தபால் நிலையத்துக்குப் போய் அதன்மேல் தபால்தலை ஒட்டி முத்திரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்படி ஒன்று என்றாவது என் கல்லாவுக்கு வரும் என்று காத்திருக்கிறேன். இன்று வந்தது கருவூல முத்திரை பச்சையில் அச்சான சாதாரண நோட்டு. சிவப்பு முத்திரை என்றால் 1963 அல்லது அதற்கு முந்தைய அச்சு வரிசை, அதை விடக் கூடாது. நீல முத்திரையுள்ள ஒரு டாலரும் அப்படித்தான். அது வெள்ளிச் சான்றிதழ். 1968 ஜூன் வரை அரசிடம் கொடுத்து வெள்ளியாகவே வாங்கிக்கொள்ள முடிந்தது. இப்போது ஒரு டாலராகச் செல்லும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 20

இதைக் கொஞ்சம் விரிவாக எழுதவேண்டும்.

மதியம் ஒரு பெரியவர் நூறு டாலர் நோட்டு நீட்டினார். புதிதாகச் சேர்ந்த பையன் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். நீர்க்குறி இல்லை, பாதுகாப்பு இழை இல்லை. நோட்டில் படமாக இருக்கும் பெஞ்சமின் பிராங்க்ளின் தலை சின்னதாக ஒரு வட்டத்துக்குள் இருந்தது. பையன் குரலை உயர்த்தாமல் மேனேஜரைக் கூப்பிட்டான். ஆனாலும் வரிசையில் நின்ற எல்லோரும் பெரியவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நோட்டில் 1950 வரிசை என்று அச்சாகியிருந்தது. அதில் நீர்க்குறி எப்படி இருக்கும்? இழை 1990 வரிசையில்தான் வந்தது. பெரிய தலையும் நீர்க்குறியும் 1996 வரிசையில் வந்தவை. எங்களுக்குச் சுவரில் ஒட்டித் தந்திருக்கும் படத்தில் இருப்பது புதிய நோட்டு மட்டும். அதை வைத்துக்கொண்டு பழைய நோட்டைச் சோதித்தால் நல்ல நோட்டெல்லாம் கள்ள நோட்டுதான்.

நான் பார்த்தது வேறு விஷயங்களை. தாள் பருத்தியும் லினனும் கலந்தது, விரலில் மொடமொடவென்று இருந்தது. சிவப்பும் நீலமுமாகச் சின்னச் சின்ன நார்கள் தாளுக்குள்ளேயே இருந்தன, மேலே அச்சடித்ததாக இல்லை. படத்தில் பிராங்க்ளினின் சட்டைக் காலரில் நகத்தால் சுரண்டினால் மேடு தட்டியது. சோதனைப் பேனாவும் கறுக்கவில்லை. அந்தப் பேனாவில் இருப்பது அயோடின். சாதாரணத் தாளில் உள்ள மாவுச்சத்தோடு சேர்ந்தால்தான் கறுக்கும். ஆனால் ஐந்து டாலர் நோட்டை வெளுத்து அதன்மேல் நூறு என்று அச்சடித்தால் பேனா அதையும் நல்லது என்றே சொல்லும். பேனாவை நம்பி மட்டும் முடிவெடுக்கக் கூடாது.

மேனேஜர் ஏற்றுக்கொண்டார். 1861-லிருந்து அமெரிக்க அரசு வெளியிட்ட நோட்டு எதுவும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதில்லை, முகமதிப்புக்கு எல்லாமே செல்லும். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் மீதியை வாங்கிக்கொண்டு போனார். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. நோட்டை நான் எடுத்துக்கொள்ளவில்லை. நன்றாக மடிந்து கசங்கியது, சேகரிப்பவர் தந்தாலும் நூறுக்கு மேல் கொஞ்சம்தான் தருவார்.

பிப்ரவரி 26

பதினைந்து பதினாறு வயதுப் பையன், பை நிறைய அரை டாலர்கள். நடக்கும் சுதந்திர தேவி உருவம் போட்டவை, அதாவது 1947 வரை வந்தவை. பிராங்க்ளின் தலை உள்ளவையும் கலந்திருந்தன. 1964 கென்னடியும் இரண்டோ மூன்றோ. எல்லாமே 90 சதவீதம் வெள்ளி. ஒவ்வொன்றையும் ஐம்பது சென்ட் கணக்கில் என் முன்னால் அடுக்குகிறான்.

பேசாமல் வாங்கிப் போட்டிருக்கலாம். விதிப்படி சரியே. சாயங்காலம் முகமதிப்புக்கு மாற்றிக்கொண்டால் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். ஆனால் ரோலில் வந்த 1962 குவார்ட்டர் வேறு, இது வேறு. அதில் எதிரே ஆள் இல்லை. இதில் இருக்கிறான், அவனுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்.

தம்பி, இது வெள்ளி, இதில் ஒன்றின் உலோகம் மட்டுமே ஐம்பது சென்டைப் போலப் பல மடங்கு பெறும், இது வீட்டில் யாருடையது என்று கேட்டேன். தாத்தாவுடைய பெட்டி, சும்மாதான் கிடந்தது என்றான். வெளியே போய் போன் பேசிவிட்டு வந்தான். காசையெல்லாம் திரும்பப் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு அட்டையில் பணம் கட்டினான். போனில் என்ன கேட்டானோ, காது சிவந்திருந்தது.

பக்கத்துக் கவுண்டர் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. வரிசை நீண்டுவிட்டதாம், கொடுப்பதை வாங்குவதுதான் நம் வேலையாம். மேனேஜரும் வரிசையைப் பற்றித்தான் பேசினார். பேசட்டும். திருட்டுப் போன சேகரிப்புகள் பல நேரம் இப்படித்தான், முகமதிப்புக்கே கடைகளில் செலவாகின்றன. ஒரே ஆள் ஒரே மாதிரிப் பழைய காசை அடுக்கினால் ஒரு கேள்வி கேட்பது தப்பில்லை.

மார்ச் 2

‘டபிள்யூ’ குவார்ட்டர் கிடைத்தது! வெஸ்ட் பாயிண்ட் அக்கசாலை. அங்கே அடித்த குவார்ட்டர்களை 2019, 2020 இரண்டு வருடம் மட்டும் புழக்கத்தில் கலந்துவிட்டார்கள். பத்து வடிவம், வடிவத்துக்கு இருபது லட்சம். மற்றக் குவார்ட்டர்களோடு ஒப்பிட்டால் சொற்பம். என்னுடையது 2020. இரண்டாம் உலகப்போர் முடிந்து 75 ஆண்டு ஆனதற்கு ‘வி75’ என்று ஒரு சிறு முத்திரையும் முன்பக்கத்தில் இருக்கிறது.

பளபளப்பாக்கலாமா என்று அந்த அம்மா கேட்டார். ஐயோ, வேண்டாம். தேய்த்துக் கழுவிய காசைச் சேகரிப்பவர்கள் தொடவே மாட்டார்கள், அழுக்கோடு இருந்தால் வாங்குவார்கள்.

வரிசை எண்ணின் கடைசியில் நட்சத்திரம் போட்ட ஒரு டாலரும் வந்தது. அச்சில் கெட்டுப்போன நோட்டுக்குப் பதிலாக விடுவது. குறைவாக அச்சான தொகுதியாக இருந்தால்தான் மதிப்பு. இது அப்படியில்லை என்று பார்த்ததும் டிராயரிலேயே விட்டுவிட்டேன்.

மார்ச் 7

வேடிக்கையைக் கேளுங்கள். இன்று கல்லா எண்ணும்போது அந்த அம்மாவே ஒரு நிக்கலை (ஐந்து சென்ட் நாணயம்) நீட்டி, இது ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது என்றார். பின்பக்கம் மாளிகைக் கூரைக்கு மேலே பெரிய எழுத்தில் ‘பி’. 1943. போருக்கு நிக்கல் உலோகம் தேவைப்பட்டதால் 1942 முதல் 1945 வரை செம்பு, மாங்கனீசோடு 35 சதவீதம் வெள்ளி கலந்து அடித்தார்கள். அடையாளத்துக்குத்தான் அந்தப் பெரிய எழுத்து. பிலடெல்பியா நாணயத்தில் ‘பி’ வந்தது அதுதான் முதல் தடவை.

சொல்லி முடிப்பதற்குள் தன் பர்சிலிருந்து ஐந்து சென்ட் எடுத்து டிராயரில் போட்டார், என்னைச் சாட்சிக்கு நிற்கச் சொன்னார், நிக்கலைப் பர்சில் வைத்துக்கொண்டார். அவரவர் டிராயரில் வருவது அவரவருக்கு என்று பேசி வைத்திருக்கிறோம். நாளை முதல் ரோல் உடைப்பதை யார் செய்வது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.